வாட்டம் விட்ட களத்தில் ஒரு சேசிஸ்

“மாமா, இதுல யானையவா ஏத்தப் போறீங்க?” என்று கேட்டான் என் மச்சினன். கையில் வெல்டிங் ஹோல்டர். முகமூடியை நெற்றிக்கு மேல் தள்ளியிருந்தான். வேர்வை மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது.

குறுக்குச் சட்டம் ஒவ்வொன்றின் மூலையிலும் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைக்கச் சொல்லியிருந்தேன். வைத்தான். அதன் மேல் இன்னொரு தகடு வைக்கச் சொன்னேன். அப்போதுதான் யானை வந்தது.

“லோடு ஏறுனா தாங்கணும்ல மாப்ளே.”

“என்ன லோடு? நீங்களும் அக்காவும் உக்காரப் போறீங்க. அக்கா என்ன அம்புட்டுக் கனமா?”

களத்தின் மறுகோடியில் மிளகு புடைத்துக்கொண்டிருந்த என் மனைவிக்கு இது மட்டும் காதில் விழுந்துவிட்டது. “டேய், சோலியப் பாருடா. என்னைய எதுக்கு இழுக்குற?” என்று அங்கிருந்தே கத்தினாள்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு சேசிஸ். வண்டியின் எலும்புக்கூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் இரண்டு சட்டம், குறுக்கே சில சட்டம், ஏணியைப் படுக்கப் போட்டது போல இருக்கும். அதன் மேல்தான் எஞ்சின், சீட்டு எல்லாம் உட்காரும். வெளிநாட்டில் ஹாட் ராட் என்று ஒரு பைத்தியம் இருக்கிறது. பழைய வண்டியைப் பிரித்து, தரையோடு தரையாகத் தாழ்த்தி, மூடியைக் கழற்றி எறிந்து எஞ்சினை வெளியே தெரிய விட்டு, நீளமாக ஒன்றைக் கட்டுவார்கள். வீட்டுக்கும் ஆகாது, நாட்டுக்கும் ஆகாது. நம் ஊரில் அதை ரோட்டில் விட அனுமதியும் கிடைக்காது. சொந்தத் தோட்டத்துக்குள் ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான். செல்போனில் அதைப் பார்த்த அன்றே எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது.

சும்மா பிடிக்கவில்லை. நான் ஜீப்பு ஓட்டியவன். காலையில் போடியில் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு ஏறி, கேரளப் பக்கத்து எஸ்டேட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவது என் பிழைப்பு. மலை ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் கடைசியாக உட்காருகிறவர் மடியில் ஒரு மரக்கட்டை இருக்கும். ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கியது. வண்டி ஏற்றத்தில் திணறி நின்றாலோ, இறக்கத்தில் நழுவினாலோ, அவர்தான் குதித்துப்போய்ச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த இடத்துக்கு யாரும் ஆசைப்பட மாட்டார்கள். ஆனால் உட்கார்ந்துவிட்டால், ஊர் வந்து சேரும்வரை கட்டையைக் கையை விட்டு இறக்கவும் மாட்டார்கள். என் ஜீப்பின் கட்டை பலா மரம். டயர் ஏறி ஏறி அதன் சரிவில் கருப்பாக ஒரு தடம் விழுந்திருந்தது.

ஒரு சாயங்காலம் மெட்டிலிருந்து இறங்கும்போது வளைவில் பிரேக்கை மிதித்தேன். கால் அடிப்பலகை வரை போய்விட்டது. கியரைக் குறைத்து, மலைப்பக்கம் ஒடித்து, மண் சுவரோடு உரசவிட்டு நிறுத்தினேன். நின்றுவிட்டது என்றுதான் நினைத்தோம். பிறகு மெல்ல, சத்தமே இல்லாமல், வண்டி பள்ளத்துப் பக்கம் உருள ஆரம்பித்தது. பின்னால் கட்டையோடு இருந்த ஆத்தா, ஏலக்காய் எடுக்கப் போகிறவள், குதித்தாள். கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் போட்டுக் காலால் ஓர் உதை விட்டாள். வண்டி நின்றது.

ஒருத்தருக்கும் ஒரு கீறல் கிடையாது. பிரேக் ஆயில் போகிற குழாயில் புதிதாக ஒரு விரிசல், அவ்வளவுதான். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாரும் கீழே வந்து டீ குடித்தோம். “ஏ அப்பு, எமன் வீட்டு வாசல்லயே கொண்டு எறக்கிவிடப் பாத்தியே!” என்று அந்த ஆத்தா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு சரி. குழாயை மாற்றி ஜீப்பை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். காலையில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டேன். திருப்ப முடியவில்லை. கை அப்படியே நின்றுவிட்டது.

ஊருக்கு முழங்கால் வலி என்று சொன்னேன். கட்டையைத் தூக்கி விறகுக் குவியலில் எறிந்தேன். என் மனைவி அதை எடுத்துத் தட்டி, மிளகு ரூம் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டாக வைத்துவிட்டாள். “நல்ல பலா. அடுப்புல வைக்க மனசு வருமா?” என்றாள். அதற்குப் பிறகு அந்த ரூமுக்குள் நுழையும்போதெல்லாம் என் கால் கட்டைவிரல் அதில்தான் போய் இடிக்கும். ஒவ்வொரு தடவையும் அதைத் திட்டுவேன்.

எங்களுக்குக் குரங்கணி போகிற வழியில் மலையடிவாரத்தில் கொஞ்சம் தோட்டம். அவள் பிறந்த வீட்டுச் சீதனம். மேலே சிமெண்டுக் களம், கீழே ஓடை ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. குரங்கணிக்காரர்களிடம் காப்பிப் பழமும் மிளகும் வாங்கி, களத்தில் காயப்போட்டு, போடியில் கடைகளுக்குக் கொடுப்பது அவள் வியாபாரம். ஜீப்பை விட்ட பிறகு அதற்கு நான் ஒத்தாசை. ஒத்தாசை என்றால், அடுக்கிய மூட்டையைப் பிரித்து மறுபடி அடுக்குவேன். கூட்டிய இடத்தையே கூட்டுவேன். பஸ்சு ஏறிப் போடிக்குப் போய், ஜீப்பு நிற்கிற இடத்தில் நின்று பார்த்துவிட்டு, யாராவது “அண்ணே, கால் எப்படியிருக்கு?” என்று கேட்பதற்குள் அடுத்த பஸ்சில் திரும்பிவிடுவேன். “நாய்க்கு வேலையுமில்ல, நிக்க நேரமுமில்லங்கிறது ஒங்களத்தான்” என்பாள். கோபம் வரும். விளக்குமாற்றை எடுத்து மறுபடியும் கூட்டுவேன்.

அதனால்தான் அந்த ஹாட் ராட். தை மாசிக் காப்பி முடிந்து, மிளகும் முக்கால்வாசி முடிந்து, களம் காலியானதும் ஆரம்பித்தேன். போடியில் கிரில் கேட் செய்கிற பட்டறை வைத்திருக்கிறான் மச்சினன். “வண்டி செஞ்சதில்ல மாமா, கேட்டுன்னா சொல்லுங்க” என்று இழுத்தான். “சக்கரம் வச்ச கேட்டுன்னு நெனச்சுக்க” என்றேன். வந்துவிட்டான்.

ஜீப்பைப் பிரிக்கும்போது வலிக்கும் என்று எதிர்பார்த்தேன். வலிக்கவில்லை. எஞ்சினையும் அச்சுகளையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பழைய இரும்புக்குத் தள்ளியபோது, அது நின்ற இடம் வெறிச்சென்று இருந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வாசலில் நின்று தினமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜீவன் போய்விட்ட மாதிரி.

களத்தில் நாலு இடத்தில் செங்கல் அடுக்கி, நாலு அடுக்கும் ஒரே உயரமா என்று அளந்து, அதன் மேல் இரண்டு நீளச் சட்டங்களையும் படுக்கவைத்தோம். மூலைக்கு மூலை டேப் பிடித்தோம். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு என்ன அளவோ, அதே அளவு எதிர் மூலைகளுக்கும் வந்தது. “மட்டம்னா இது மட்டம்!” என்று துள்ளினேன். குறுக்குச் சட்டங்கள் ஏறின. பின்பக்கம் அச்சுக்கு மேலே சட்டத்தை வளைத்துத் தூக்கி, முன்பக்கம் தாழ்த்தி, பார்க்க ஓடப்போகிற நாய் முன்னங்காலை மடக்கியது மாதிரி இருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் நிற்கத் தெரியாதே. முன் சட்டம் கொஞ்சம் உயரம் என்று அறுக்கச் சொன்னேன். அறுத்தான். தாழ்ந்துவிட்டது என்று ஏற்றச் சொன்னேன். ஏற்றினான். பிறகு தகடு. தகட்டின் மேல் தகடு. எஞ்சின் உட்காரும் இடத்தை மாற்றி மாற்றி வைத்தேன். எதிலும் மனம் நிற்கவில்லை. அவன் கிளம்பிப் போன பிறகும் சேசிஸைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். குனிந்து பார்ப்பேன், தட்டிப் பார்ப்பேன். “சாமி சுத்துற மாதிரி சுத்துறீங்களே, வந்து சோத்தத் தின்னுங்க” என்று அவள் கூப்பிட்டால்தான் நிற்பேன்.

இந்த லட்சணத்தில்தான் கோடை மழை வந்தது. மலையில் இடித்து, மத்தியானமே இருட்டிக்கொண்டு கொட்டியது. நானும் மச்சினனும் மிளகு ரூமில் ஒதுங்கினோம். மழை விட்டதும் வெளியே வந்தேன். களத்துத் தண்ணீர் முழுக்க ஒரு மூலைக்கு ஓடிக்கொண்டிருந்தது. சேசிஸின் மூன்று செங்கல் அடுக்கும் கழுவிவிட்ட தரையில் நின்றன. நாலாவது அடுக்கின் அடி மட்டும் ஓடுகிற தண்ணீரில் நின்றது. முன்பக்கம், வலது மூலை. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

களம் போட்டபோது கொத்தனாரோடு சண்டை பிடித்தது நான்தான். “வாட்டம் விடுங்க, ஒரு சொட்டுத் தண்ணி நிக்கக்கூடாது. காப்பிக்குப் பூஞ்சை புடிச்சா ஒங்களத்தான் கேப்பேன்” என்று அந்த மனுசனின் உயிரை எடுத்தேன். போட்ட தரையைக் கொத்தச் சொல்லி, அந்த மூலையை மட்டும் வடிகால் பக்கம் இன்னும் இறக்க வைத்தேன். எங்கள் பக்கத்தில் மட்டமான களம் என்று ஒன்று எவனிடமும் கிடையாது. மட்டமாக இருந்தால் அது களமே இல்லை. அதன் மேல் வருஷா வருஷம் காப்பியைத் தள்ளிக்கொண்டு நடந்தவன், அதையே மட்டம் என்று நம்பி நாலு அடுக்கு வைத்துச் சேசிஸ் கட்டியிருக்கிறேன். வலது சட்டத்தின் மூக்கு மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குக் கீழே தொங்குகிறது. முழுச் சேசிஸும் பிழிந்த துணி போல முறுகியிருக்கிறது. மூலைக்கு மூலை பிடித்த டேப்பில் அது தெரியவே இல்லை.

“அய்யய்யோ!” என்று தலையில் கைவைத்தான் மச்சினன். “எல்லாத்தையும் அறுக்கணுமா மாமா? இத்தன தகட்டையுமா?”

“களம் கோணல்டா” என்றேன்.

என் மனைவி முறத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!” என்றாள்.

“கூடம் நெசமாவே கோணல்தான்! வந்து பாரு!” என்று கத்தினேன்.

அவள் வந்தாள். களத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். “வேல கெட்டுப்போச்சுன்னா மனுசனுக்கு மூஞ்சி தொங்கணும். ஒங்களுக்கு மட்டும் ஏன் இப்பிடித் தெளிஞ்சு கெடக்கு?” என்று கேட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைத் தூர எறிந்தேன். அது ஓடையில் போய் விழுந்தது. பாதையில் இறங்கி, கொட்டகை வரை நடந்து, அங்கே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அவள் சொன்னது நிஜம். எனக்குள் சந்தோஷமாக இருந்தது. அறுக்க வேண்டும், மறுபடி ஒட்ட வேண்டும், இன்னும் சில மாதம் இழுக்கும், அதுவரை இதை யாரும் ஓட்டச் சொல்ல மாட்டார்கள். தகட்டின் மேல் தகடு வைத்தது லோடுக்காக இல்லை. முடிந்துவிடுமே என்ற பயத்தில். முடிந்தால் ஏறி உட்கார வேண்டும். சாவியைத் திருப்ப வேண்டும். எத்தனை வளைவு ஏறி இறங்கியவன், ஒரு சாவிக்குப் பயந்து இரும்பை அறுத்து அறுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தால் பயம் போகாது.

அவளிடம் இதைச் சொல்லவில்லை. ஓடையில் தேடி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன்.

மச்சினன் என்னைத் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் அறுத்தான். இந்த முறை கொத்தனார்கள் செய்வது போல ஒரு குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கிற உயரத்தைப் பார்த்து மட்டம் பிடித்தோம். தாழ்ந்த மூலைக்கு ஓட்டுச் சில்லு அடுக்கிச் சரிக்கட்டினோம். ஒற்றைத் தகடு போதும் என்று அவனே முடிவு செய்தான். நான் தகட்டை எடுத்துக் கொடுத்தேன். ஆடிக் காற்றில் வெல்டிங் பொறி களம் பூராவும் பறந்தது. அச்சு ஏறியது, சக்கரம் ஏறியது. எஞ்சினைச் செயின் போட்டு நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். பிரேக் குழாயை மட்டும் நான் யாரையும் தொட விடவில்லை. மாட்டுவேன், கழற்றுவேன், மறுபடி மாட்டுவேன். மிதித்துப் பிடித்துக்கொண்டு மச்சினனைக் கீழே படுத்து ஈரம் கசிகிறதா என்று பார்க்கச் சொல்வேன். “இல்ல மாமா. இல்ல. சத்தியமா இல்ல மாமா” என்று அவன் கீழே படுத்தபடியே அலுத்துக்கொள்வான்.

எஞ்சினை அவன்தான் கிளப்பினான். புகையைக் கக்கிக்கொண்டு பழைய குரலிலேயே இரைந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. “ஏறுங்க மாமா!” என்றான். சீட்டு இல்லையே என்றேன். ஒரு பலகையை முடுக்கினான். ஸ்டியரிங் கொஞ்சம் இறுக்கம் என்றேன். கிரீஸ் வைத்தான். பெயின்ட் அடித்துவிட்டு ஓட்டலாம் என்றேன். அவன் தன் பெட்டியை மூடி, “நீங்க கூப்புடுங்க, அப்ப வர்றேன்” என்று பைக்கில் ஏறிப் போய்விட்டான். அவனுக்குப் பைக்கைத் தவிர வேறொன்றும் ஓட்டத் தெரியாது. அதனால் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. மார்கழி வந்துவிட்டது.

“நாளைக்குக் குரங்கணிலருந்து காப்பி எறங்குது” என்றாள் ஒரு காலையில். “களம் வேணும். வண்டியக் கீழ கொட்டகைக்குக் கொண்டுபோயிருங்க.”

களத்திலிருந்து கொட்டகைக்கு எங்கள் மண் பாதைதான். செங்குத்தாக இறங்கி, ஒரு வளைவு வளைந்து, ஓடை ஓரமாகப் போகும். நடந்தால் ஒரு பீடி பிடிக்கிற தூரம்கூட இல்லை.

“நாலு ஆளக் கூப்புட்டுத் தள்ளிக்கிறேன்” என்றேன்.

“எறக்கத்துல தள்ளப் போறீங்களா? தள்ளுனா யாரு புடிக்கிறது?”

அவள் மிளகு ரூமுக்குப் போனாள். குனிந்து எதையோ உருவினாள். கதவு காற்றில் படீரென்று அடித்துச் சாத்திக்கொண்டது. திரும்பி வரும்போது அவள் கையில் அந்தப் பலாக்கட்டை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டியின் பின்சட்டத்தின் மேல் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, ஏறி உட்கார்ந்து, கட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஊருக்கு மொழங்கால் வலின்னீங்க. சரி. என்கிட்டயும் அதையே சொல்லணுமா?” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் குத்தியது. “நான் பின்னால இருக்கேன். கட்டை என்கிட்ட இருக்கு. வெரசா எடுங்க, எனக்குச் சோலி கெடக்கு.”

ஏறி உட்கார்ந்தேன். சாவியில் கை வைத்தேன். கை நடுங்கியது. அவளுக்குத் தெரியக்கூடாது என்று முன்னால் குனிந்துகொண்டேன். பின்னாலிருந்து, “தெரியுது, திருப்புங்க” என்றாள். திருப்பினேன்.

களத்தின் வாட்டத்திலேயே வண்டி தானாக உருண்டு பாதைக்கு வந்தது. இறக்கம். முதல் கியர். தரை முன்னால் சாய்ந்து, ஓடைப் பாறைகள் நேரே தெரிந்தன. வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். உலகத்தில் உள்ள சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு மிதித்தேன். பிரேக் என் காலைத் திருப்பித் தள்ளியது. வண்டி நின்றது. நடு இறக்கத்தில், அசையாமல்.

என் கால் மட்டும் மேலே வரவில்லை. பிரேக்கோடு ஒட்டிக்கொண்டது. முதுகெல்லாம் வேர்வை. “கட்டையப் போடு” என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி கத்தினேன். “ஏத்தா, கட்டையப் போடு!”

“போட மாட்டேன்.”

“போடுன்னு சொல்றேன்ல!”

“வண்டிதான் நிக்குதே. எதுக்குக் கட்டை? காலை எடுங்க.”

அவள் இறங்கவில்லை. கட்டையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மலையில் அந்த ஆத்தா குதித்தாள், நான் பிழைத்தேன். இவள் குதிக்க மறுக்கிறாள். பாவி, வண்டி உருண்டால் முதலில் நசுங்கப் போவது நானா அவளா என்றுகூட யோசிக்கவில்லையே என்று அழுகை வந்தது. அப்புறம்தான் உறைத்தது. வண்டி உருளாது என்று அவள் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

காலை எடுத்தேன். வண்டி நகர்ந்தது. வளைவில் என் கை தானாகத் திரும்பியது. கொட்டகை வந்தது. நான் நிறுத்தவில்லை. கொட்டகையைச் சுற்றி ஓடை ஓரமாக வந்து, அதே பாதையில் இரைச்சலோடு மேலே ஏறி, களத்தைத் தொட்டு, மறுபடி இறங்கினேன். “போதும்யா, எறக்கி விடுங்க! காப்பி வருது!” என்று பின்னால் கத்திக்கொண்டே இருந்தாள். சிரித்துக்கொண்டேதான் கத்தினாள்.

கட்டை வண்டியிலேயே தங்கிவிட்டது. மிளகு ரூம் கதவுக்கு வேறொன்று செதுக்கி வைக்கச் சொல்லித் தினமும் திட்டுகிறாள். இன்னும் வைக்கவில்லை. காற்று வந்தால் கதவு அடித்துக்கொள்கிறது.